விலை குறைந்த ஜப்பான், சீனக் கத்திகள்: தினமும் காய் நறுக்க எது தாங்கும்?

மேலக்காவேரி மெஸ் (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலேயே மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். சாதாரண நாட்களில் அறுபது, எழுபது சாப்பாடு. முகூர்த்த நாட்களில் நூறைத் தாண்டும். இதுவரை எல்லாக் காயும் அரிவாள்மணையில்தான். இப்போது முழங்காலில் தேய்மானம், இனிமேல் தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மேசை போட்டு, நின்றபடி கத்தியால் நறுக்கும் முறைக்கு மாறியாக வேண்டும்.

கடைத்தெருவில் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகள் வாங்கிப் பார்த்தேன். வாங்கிய வாரம் ஒழுங்காக வெட்டுகின்றன. அதன்பிறகு தக்காளித் தோலில் வழுக்குகின்றன, சின்ன வெங்காயத்தை நசுக்குகின்றன. சேனைக்கிழங்கில் பாதி இறங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. பிடுங்கி எடுப்பதற்கே ஒரு ஆள் வேண்டும். அரிவாள்மணையில் காய் நகரும், இரும்பு நிற்கும். கத்தியில் இரண்டும் தலைகீழ். பழகிவிடலாம், ஆனால் கத்தி ஒத்துழைக்க வேண்டுமே.

சீனச் சமையல்காரர் ஒருவர் வெட்டரிவாள் அகலத்துக்கு ஒரு கத்தியை வைத்துக்கொண்டு முட்டைக்கோஸை நூல் நூலாகச் சீவும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அன்றிலிருந்து அதே நினைப்பு. ஜப்பான் கத்திகளையும் பார்த்தேன். விலை தெரிந்ததும் கைப்பேசியை மூடிவிட்டேன். என்னால் முடிந்தது கத்திக்கு மூவாயிரம் ரூபாய், மிஞ்சிப்போனால் நாலாயிரம்.

என் நாத்தனார் கணவர் பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். பெயர் சொன்னால் வாங்கி வருவார். எதைச் சொல்வது? என்னுடன் வேலை செய்யும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இடது கைப் பழக்கம், அதையும் கவனத்தில் வைத்துச் சொல்லுங்கள். ‘ஜப்பானியக் கைவினைக் கத்தி’ என்று 1,499 ரூபாய்க்கு, விரல் நுழைக்க ஓட்டை வைத்த ஒன்று கைப்பேசியைத் திறக்கும்போதெல்லாம் விளம்பரமாக வருகிறது. அதையே வாங்கிவிடலாமா?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

அம்மா, அந்த விளம்பரத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். அந்தக் கத்தியில் எஃகின் பெயரும் இருக்காது, செய்த ஊரின் பெயரும் இருக்காது. ஜப்பானில் கத்திக்குப் பேர்போன ஊர்கள் சில உண்டு: ஒசாகாவை அடுத்த சக்காய், கிஃபு மாநிலத்தில் செகி, நீகாத்தாவில் சுபாமே, சான்ஜோ, ஃபுக்குயியில் எச்சிசென், கோச்சியில் தோசா. நிஜமாக அங்கே செய்த கத்தியை விற்பவன் அந்த ஊர்ப் பெயரைப் பெரிதாகப் போடாமல் இருப்பானா? அலகில் அலை அலையாகத் தெரிகிற கோலத்தையும் நம்ப வேண்டாம். மலிவான கத்திகளில் அது மேலாகப் பதித்த அச்சு. மெய்யாகவே அடுக்கி அடித்த பட்டையாக இருந்தாலும் அது பார்வைக்குத்தான். வெட்டுகிற வேலையை நடுவில் இருக்கும் எஃகு செய்கிறது.

நான் திருச்சியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், வெப்பப் பதம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். உளியும் துளை போடும் பன்ச்சும் அச்சு டையும் உலையில் வைத்து, எண்ணெயில் தோய்த்து, கடினம் அளந்து அனுப்புவதே வேலை. எனக்குச் சமைக்கத் தெரியாது என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக் கத்திகள் என் பொறுப்பு, சம்பந்தி வீட்டுக் கத்திகளும் இப்போது என்னிடம்தான் வருகின்றன.

உங்கள் கத்தி சேனையில் நிற்பதற்குக் கூர் மழுங்கியது மட்டும் காரணமில்லை. அதன் வாய்க்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, சற்று மேலே தடிமன் அதிகம். நுனி உள்ளே போனபிறகு அந்தத் தடித்த பகுதி ஆப்பு மாதிரி இறங்குகிறது. கிழங்கு நறுக்குப்படாமல் பிளக்கப் பார்க்கிறது. சவரக் கத்தி அளவுக்குத் தீட்டிக் கொடுத்தாலும் இந்தக் குறை போகாது. ஆகவே கத்தி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மெலிவு. முதுகுப் பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்து, வாயை நோக்கி ஒரே சீராக மெலிந்துகொண்டே போக வேண்டும். ஜப்பான் கத்தியும் சீனக் காய்கறிக் கத்தியும் நன்றாக வெட்டுவதில் பாதி இரகசியம் இதுதான். கடைத்தெருவில் விற்கும் கத்தியில் தகடு மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக இருக்கும், ஓரத்தை மட்டும் சக்கரத்தில் காட்டிச் சரித்திருப்பார்கள்.

அடுத்தது கடினம். ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். சீனத் துருப்பிடிக்காத கத்திகள் பொதுவாக 55 முதல் 57 வரை. ஜப்பான் கத்திகள் 60ஐ ஒட்டி, சில அதற்கும் மேலே. கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும், பக்கத்துக்கு 15 பாகை என்று ஒல்லியான கோணத்தில் தீட்டலாம். ஆனால் அதே அளவுக்கு நொறுங்கும் குணமும் கூடும். கடினமான கத்தி முருங்கைக்காய் நறுக்கும்போது எவர்சில்வர் தட்டில் பட்டால் வாயில் சில்லு பெயர்ந்துவிடும். மென்மையான கத்தியில் வாய் மடங்கும், அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் நிமிர்த்திவிடலாம். மூன்று பேர் கை மாற்றி மாற்றிப் புழங்கி, தொட்டியில் பாத்திரத்தோடு பாத்திரமாக விழுகிற கத்திக்கு 62 கடினம் வேண்டாம். உங்களைக் குறைவாக நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் டூல் ரூமிலும் கவனமான ஆளுக்கு ஒரு பதம், பொதுப் பெட்டிக்கு ஒரு பதம் என்றுதான் செய்வோம்.

எஃகின் பெயர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். சீனக் கத்தியில் 5சிஆர்15எம்ஓவி என்று பொறித்திருக்கும். முதல் எண் கரி, அதாவது கார்பன். 5 என்றால் 0.5 சதவீதம். அடுத்தது குரோமியம், 15 சதவீதம். கடைசியில் மாலிப்டினமும் வனேடியமும் கொஞ்சம். ஜெர்மன் சமையல் கத்திகளில் போடும் எஃகும் கிட்டத்தட்ட இதே கலவைதான். 10சிஆர்15 என்று தொடங்கினால் கரி ஒரு சதவீதம். அது ஜப்பானின் விஜி10 எஃகுக்குச் சீன மாற்று. 3 என்று தொடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஃகு ஒன்றாக இருந்தாலும் தோய்ச்சல் (சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்குவது) சரியில்லை என்றால் கத்தி வீண், அதனால் நாலு பேருக்குத் தெரிந்த நிறுவனமாகப் பார்ப்பது நல்லது.

என் தீர்ப்பு: குவாங்டொங் மாநிலத்து யாங்ஜியாங் ஊரில் செய்யும் ஷிபாசு என்ற பெயருள்ள சீனக் கத்தி, காய்கறிக்கு உரிய மெல்லிய வகை. மிச்சப் பணத்துக்கு ஒரு 1000ஆம் எண் தீட்டுக்கல் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்). கல் இல்லாமல் எட்டாயிரத்துக்கு ஜப்பான் கத்தி வாங்குவதைவிட இது உங்களுக்கு அதிக நாள் உழைக்கும்.

இடது கைப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு பக்கமும் சரித்துத் தீட்டிய கத்தி எந்தக் கைக்கும் ஒன்றுதான். ஜப்பானில் உசுபா (காய்கறிக்கு), தேபா, யானகிபா (மீனுக்கு) என்ற வகைகள் ஒரு பக்கம் மட்டும் சரிந்தவை, பெரும்பாலும் வலது கைக்குச் செய்தவை. இடது கையில் பிடித்தால் வெட்டு கோணலாக ஓடும். நாகிரி என்ற காய்கறிக் கத்தி, சாந்தோக்கு, க்யூத்தோ என்ற பொதுப் புழக்கக் கத்திகள் ஆகியவை பொதுவாக இருபக்கச் சரிவு, பயமில்லை.

மன்னார்குடியான் (சிங்கப்பூர்)

அக்கா, நான் இங்கே ஒரு சீன உணவகத்தில் காய்கறிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெரியவர் எஃகைச் சொல்லிவிட்டார். நான் கடையில் எப்படிப் பொறுக்குவது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் தவறானதை எடுத்துவர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

சீனக் கத்தி எல்லாமே அகலச் சதுரமாக ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மூன்று சாதி. மெல்லியது காய்க்கும் எலும்பில்லாத கறிக்கும். தடித்தது எலும்பு வெட்ட. மூன்றாவது நடுத்தரம், முன்பாதி மெலிந்தும் பிடிப்பக்கம் தடித்தும் இருக்கும், அங்கே கோழி எலும்பு வரைக்கும் தாங்கும். வெளிநாட்டுக்காரர்கள் மெல்லியதை வாங்கி ஆட்டெலும்பில் போட்டு வாயைப் பெயர்த்துவிட்டு, சீனக் கத்தி மட்டம் என்று எழுதுவார்கள். உங்களுக்கு வேண்டியது முதல் வகை. கடையில் கத்தியைத் தலைகீழாகப் பிடித்து முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். தராசு இருந்தால் இன்னும் நல்லது: 300 முதல் 400 கிராம் வரை சரி, அரைக் கிலோவைத் தாண்டினால் எலும்புக் கத்தி.

சைனாடவுனில் உணவகங்களுக்குப் பாத்திரம் விற்கிற கடைகள் இருக்கின்றன. பேரங்காடியில் அலங்காரப் பெட்டியில் இருப்பதைவிட அங்கே தேர்வு அதிகம். ஷிபாசு மெல்லிய வகை முப்பதிலிருந்து ஐம்பது வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) பார்த்திருக்கிறேன். ஹாங்காங்கின் சான் சி கீ கத்தியும் கிடைக்கலாம். ஷாங்காய் தெருவில் அவர்கள் கடை இருக்கிறது, சமையல்காரர்கள் அதைத் தேடிப்போய் வாங்குவார்கள். 1303 என்ற எண்ணுள்ள அவர்களுடைய சின்னக் காய்கறிக் கத்தி கரி எஃகு; மெலிவில் அதற்கு இணை இந்த விலையில் இல்லை. ஆனால் துருப்பிடிக்கும். எங்கள் தலைமைச் சமையல்காரர் அதை யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

வெட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முனையைப் பலகையில் ஊன்றி ஊஞ்சலாட்டும் வெட்டு இதில் வராது, வாய் ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால். மேலிருந்து இறக்கும்போதே முன்பக்கம் தள்ள வேண்டும். பிடியை மட்டும் பிடிக்காமல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் இரு பக்கமும் அணைத்துக்கொள்ள வேண்டும். மற்றக் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, முட்டியை அலகில் ஒட்டிவைத்தால் அலகின் உயரமே காவல். அதனால்தான் அவர்கள் பலகையைப் பார்க்காமலே கோஸ் சீவுகிறார்கள். நறுக்கியதை அலகாலேயே அள்ளி அடுப்பில் கொட்டலாம். எழுபது சாப்பாட்டுக்குப் பீன்ஸ் நறுக்கும்போது அந்த வசதி எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

அலகைப் படுக்கவைத்துப் பூண்டு தட்டுவதில் மட்டும் நிதானம். 2022 ஜூலையில் சீனாவில் இது பெரிய சண்டையாகியது. 1628 முதல் நடப்பதாகப் பெருமை சொல்லும் ஹாங்சோ நிறுவனம் சாங் சியாவோசுவான். அதன் கத்தி பூண்டு தட்டும்போது உடைந்தது என்று ஒருவர் புகார் சொல்ல, இதில் பூண்டு தட்டக் கூடாது என்று நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு பதில் சொல்லிவிட்டது. பூண்டு தட்டாத சீனச் சமையலறை உண்டா? ஊரே கொதித்தது. ஓங்கி அடிக்காமல், அலகை வைத்து உள்ளங்கையால் அமுக்கினால் போதும்.

கடைசியாக ஒன்று. மளிகைக் கடைகளில் கிவி என்ற தாய்லாந்துக் கத்தி சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஜப்பானும் இல்லை, சீனமும் இல்லை. தகடு காகிதம் மாதிரி மெல்லியது, எஃகு மென்மை, கூர் சீக்கிரம் போகும், சீக்கிரமே திரும்பியும் வரும். உடன் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள். தொலைந்தாலும் மனம் நோகாது.

பாபநாசம் பட்டறைத்தெரு

எல்லோரும் சிங்கப்பூர், ஹாங்காங் என்று பறக்கிறீர்கள். எங்கள் தெருக் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துத் தருகிறார். நானூறு ரூபாய். என் அப்பா காலத்துக் கத்தி இன்னும் தேங்காய் உடைக்கிறது. அது போதாதா?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

தம்பி, தேங்காய் உடைக்கப் போதும். ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகுதான். கரி அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும், அடியைத் தாங்கும், அரிவாளுக்கு அதைவிட என்ன வேண்டும்? கொல்லரை நான் குறை சொல்லமாட்டேன். நாம் அவரிடம் கேட்பதெல்லாம் மட்டை சீவவும் தேங்காய் உடைக்கவும் ஆகிற கத்தி; அவரும் நாலு மில்லிமீட்டர் கனத்தில் அடித்துக் கொடுக்கிறார். அவரிடமே போய், ஏழு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், முதுகு இரண்டு மில்லிமீட்டர், வாய்ப்பக்கம் தபால் அட்டைக் கனம் என்று சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். மெல்லிய தகடு தோய்ச்சலில் கோணிக்கொள்ளும் என்று முதலில் முணுமுணுப்பார். கோணும்தான். நிமிர்த்தத் தெரிந்தவர் நிமிர்த்துவார். வந்தால் எனக்கும் ஒன்று சொல்லி வையுங்கள், கேலிக்குச் சொல்லவில்லை.

ஆனால் இந்த அம்மாவின் மெஸ்ஸுக்கு அது சரிப்படாது. தினமும் வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்குகிறவர். கரி எஃகின் இரும்பும் வாழைத் துவர்ப்பும் சேர்ந்தால் நீலக் கறுப்பு. பொரியல் பார்ப்பதற்கே ஒரு மாதிரி ஆகிவிடும். நாளாக நாளாக அலகில் கருமை படிந்தபிறகு அது குறையும், அதுவரை சாப்பிடுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கத்தியை ஈரத்தோடு வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் பழுப்பு நிறத்தில் எழுந்திருக்கும்.

அக்கரைப்பேட்டை (நாகப்பட்டினம்)

மீன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, ஏனென்றால் ஜப்பான் கத்தி என்றதும் பலரும் தேபா வாங்கி ஏமாறுகிறார்கள். தேபா பார்க்கக் கம்பீரமாக இருக்கும், முதுகு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் அது மீனின் தலையை எடுத்து, முள்ளை ஒட்டிச் சதையை இரண்டு பலகையாக உரித்தெடுக்கச் செய்தது. நாம் வஞ்சிரத்தையும் கொடுவாவையும் நடுமுள்ளோடு குறுக்கே துண்டு போடுகிறோம். அதற்குத் தேபாவை ஓங்கினால் வாய் தெறித்துவிடும். குழம்பு மீனுக்கு நம் கத்தி, அல்லது மன்னார்குடித் தம்பி சொன்ன சீன எலும்புக் கத்தி. சங்கராவை எலும்பு நீக்கிப் பிள்ளைகளுக்கு வறுக்கிறவர்கள் மட்டும் தேபாவைப் பற்றி யோசிக்கலாம். கூடவே உப்பு ஈரத்தில் அதைத் துடைத்துத் துடைத்தே ஆயுள் போகும்.

மேலக்காவேரி மெஸ் (கும்பகோணம்)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மீன் நான் சமைப்பதில்லை, ஆகவே அந்தக் கவலை இல்லை. தேங்காய்க்குப் பழைய அரிவாள் இருக்கிறது.

பெரியவரிடம் மூன்று சந்தேகம். முதலாவது, தீட்டுக்கல் எனக்குப் பழக்கமில்லை. தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு வருபவரிடமே கொடுத்துவிடலாம் அல்லவா? இரண்டாவது, ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் நிறம் வேறாக இருக்கும் கறுப்புக் கல் விற்கிறார்களே, அது ஆகாதா? மூன்றாவது, என்றாவது கையில் பணம் சேர்ந்தால் ஜப்பான் கத்தி ஒன்று வாங்கிப் பார்க்க ஆசை. எதை வாங்குவது?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

சைக்கிள் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுங்கள், அரிவாள்மணையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். அவர் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடேறிவிடும். தோய்த்துக் கடினமாக்கியபிறகு இந்தக் கத்திகளை 200 பாகை செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தியிருப்பார்கள். அதற்கு மேல் சூடு போனால் போட்ட தோய்ச்சல் போய்விடும். தீட்டியபிறகு ஓரத்தில் நீலம் தெரிந்தால் 300 பாகைக்குப் பக்கத்தில் போயிருக்கிறது என்று அர்த்தம். நீலம் வந்த இடத்தில் இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது, அந்த அளவுக்குத் தகட்டையே தேய்த்துக் கழிக்க வேண்டியதுதான். தீப்பொறி பறப்பது பார்க்க நன்றாக இருக்கும். பறப்பது உங்கள் கத்தி.

கறுப்புக் கல் கார்போரண்டம். அதன் மென்மையான பக்கம்கூட இந்த வேலைக்குக் கரடு. கத்தியின் வாயில் சில்லு பெயர்ந்தால் அதைச் சரிசெய்ய வைத்துக்கொள்ளுங்கள். தினசரிக் கூருக்கு ஜப்பான் முறை எண்ணில் 1000 வேண்டும். கிங் என்ற பெயரில் ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று சேர்த்து ஒட்டிய கல் வருகிறது. நான் பல வருடமாக வைத்திருப்பது அதுதான். காய்கறிக்கு 1000 பக்கமே போதும், 6000 என்னைப் போல வேலையில்லாதவனுக்கு.

முறை எளிது. கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், குமிழி நிற்கும்வரை. ஈரத்துணி மேல் வைத்தால் நகராது. கோணம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது, அதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சீனக் கத்தியின் அகலம் 90 மில்லிமீட்டர் என்றால், 15 பாகை வருவதற்கு அதன் முதுகு கல்லுக்கு மேலே 23 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை நிற்கவைத்தால் அந்த உயரம். நாணயத்தை முதுகின் கீழே வைத்துப் பார்த்து, கையை அங்கேயே நிறுத்தி, நாணயத்தை எடுத்துவிட்டுத் தீட்டுங்கள். அலகு அகலமாக இருப்பதில் இது ஒரு நன்மை: ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் கோணம் பெரிதாக மாறாது. ஐம்பது மில்லிமீட்டர் அகலமுள்ள ஜப்பான் கத்தியில் மொத்த உயரமே 13 மில்லிமீட்டர்தான். அங்கே கை நடுங்கினால் கூரில் தெரியும். புதிதாகப் பழகுகிறவருக்குச் சீனக் கத்தியைச் சொன்னதற்கு அதுவும் காரணம்.

ஒரு பக்கம் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். மறுபக்க ஓரத்தில் விரலைக் குறுக்கே தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும், பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை விடாமல். பிசிர் வராதவரை வாய்க்குக் கல் எட்டவில்லை என்று பொருள். அவசரப்பட்டு மறுபக்கம் திருப்பக் கூடாது. இதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். வந்ததும் திருப்பி அதேபோல. பிறகு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, வரவர அழுத்தம் குறைத்து, பிசிரை விடுவிக்க வேண்டும். முடிந்ததும் மடித்த செய்தித்தாளில் வாயைப் பின்பக்கமாக இழுத்துத் துடையுங்கள். தக்காளியை அழுத்தாமல் வைத்தால் தோல் தானாகத் திறக்கும். கல் நடுவில் குழிந்தால், கண்ணாடித் துண்டின் மேல் 120ஆம் எண் வாட்டர் பேப்பரைப் போட்டுத் தண்ணீர்விட்டுத் தேய்த்துச் சமமாக்கிக்கொள்ளலாம்.

உங்கள் புழக்கத்துக்கு வாரம் ஒருமுறை கல், நடுவில் ஒருநாள் செய்தித்தாள். பலகை மரத்தில் இருக்கட்டும். வேம்பு, புளி எதுவானாலும் சரி. அடுப்பு மேடைக் கிரானைட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ நறுக்குகிற வழக்கம் இருந்தால் கத்தி வாங்கும் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்பதற்காகப் புளித்தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவைக்கக் கூடாது, அதிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கம்பி நார் வேண்டாம்.

ஜப்பான் ஆசைக்கு வருகிறேன். நீகாத்தாவின் சுபாமே ஊரில் டோஜிரோ என்று ஒரு நிறுவனம். அவர்களுடைய டிபி வரிசையில் நடுவில் விஜி10, இரண்டு புறமும் துருப்பிடிக்காத மென்மையான எஃகு. கடினம் 60ஐ ஒட்டி. அலங்காரம் ஏதும் இல்லை, பெட்டியும் சாதாரணம், அதனாலேயே ஜப்பான் கத்திகளில் விலைக்கு அதிகம் வெட்டுவது அது என்று பலரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். நீங்கள் நாகிரி வாங்குங்கள். காய்கறிக்கென்றே உள்ள நேர்வாய்க் கத்தி, சீனக் கத்தியில் பழகிய கைக்கு உடனே பிடிபடும். செகி ஊரின் ‘காய்’ (Kai) என்ற பெயருள்ள நிறுவனத்தின் கத்திகள் இந்தியாவிலேயே விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் மலிவான சாந்தோக்கு வீட்டுக்குப் போதும், மெஸ்ஸுக்கு அளவு சிறிது. டோஜிரோவை அஞ்சலில் தருவித்தால் சுங்கவரியும் கூரியரும் சேர்ந்து கத்தியின் விலையில் பெரும்பங்கு ஏறிவிடும். வருகிறவர் போகிறவரிடம் சொல்லிவைப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும். சீனாவிலிருந்து நேராகத் தருவிக்க முன்பு அலிஎக்ஸ்பிரஸ் என்ற இணையக் கடை இருந்தது, 2020 நவம்பரில் இந்தியாவில் தடைசெய்துவிட்டார்கள்.

நாகிரி வந்தாலும் அது உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். சேனை, பரங்கி, பலாக்காய் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம். கடினமான எஃகை முறுக்கினால் வாய் பெயரும், கிழங்கில் மாட்டிக்கொண்ட கத்தியை யாரும் முறுக்காமல் எடுப்பதில்லை.

மேலக்காவேரி மெஸ் (கும்பகோணம்)

நாணயக் கணக்கைக் காகிதத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிட்டேன். இடது கைப் பெண் அதைப் பார்த்துவிட்டு, காசு எதற்கு என்று கேட்கிறாள்.

சிங்கப்பூருக்குச் சொல்லிவிட்டது இது: ஷிபாசு மெல்லிய கத்தி ஒன்று, கிவி இரண்டு, 1000 எண் கல் ஒன்று. அவர் உடனே, விமானத்தில் கத்தியை விடுவார்களா என்று பயப்படுகிறார். அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மன்னார்குடியான் (சிங்கப்பூர்)

கைப்பையில் கூடவே கூடாது அக்கா, பரிசோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். சரக்கில் போடும் பெட்டியில் வைத்தால் பிரச்சினை இல்லை. வாயை அட்டையில் மடித்து, பெட்டியோடு நாடா சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள், ரசீதும் கூடவே இருக்கட்டும். கல்லையும் அதே பெட்டியில் போடலாம். ஆனால் செங்கல் போலக் கனம், தட்டினால் உடையும். பொங்கல் நேரத்தில் எல்லோரும் எடை முழுக்க நிரப்பிக்கொண்டு வருவார்கள். சாக்லேட்டை வாங்குவதற்கு முன்பே கல்லுக்கு இடம் ஒதுக்கச் சொல்லிவிடுங்கள்.